6பிடி 5.9 எஞ்சினை டிப்பரிலிருந்து இறக்கி, பார்த்து, திரும்பப் போடுறது: யார்டிலேயே செய்யலாமா?

கிராண்ட்பாஸ் டிப்பர்

அண்ணன்மாருக்கு வணக்கம். வாகனம் டாட்டா 1613 டிப்பர். எஞ்சின் கமின்ஸ் 6பிடி 5.9, 12 வால்வு, டர்போ. கபின் சாயாத பழைய வகை. வேலை முழுக்க மெட்டலும் மண்ணும்தான்.

இப்ப உள்ள நிலைமை: ஒயில் குறையுது, எஞ்சின் மூச்சு விடுற பிரீதர் குழாயில புகை விடாம வருது, நல்லா சூடானதும் ஐட்லிங்ல ஒயில் பிரஷர் முள் கீழ படுத்திடுது. கிளச் ஹவுசிங் அடியிலயும் ஒயில் சொட்டுது. எஞ்சினை இறக்கித்தான் ஆகணும்னு பாஸ் சொல்றார்.

யார்ட்ல பாதி கொங்கிறீட், பாதி மண் தரை. 2 தொன் செயின் புளொக் ஒண்டு இருக்கு. 3 அங்குல ஜிஐ குழாயில செஞ்ச முக்காலி ஒண்டும் இருக்கு. கராஜ் கூரையில மரத் தீராந்தியும் இருக்கு, முந்தி அதுல கட்டித்தான் கியர்பொக்ஸ் தூக்குவாங்க.

கேள்வி மூணு. எதுல கட்டித் தூக்குறது? கியர்பொக்ஸை எஞ்சினோட சேர்த்து எடுக்கிறதா, தனியா இறக்கிறதா? இறக்கினதும் எதையெல்லாம் அளந்து பார்த்த பிறகு லேத் பட்டறைக்குக் கொடுக்கணும்?

டீசல் அண்ணை

தம்பி, இறக்கிறதுக்கு முதல் அரை நாள் ஒதுக்கி நாலு விசயம் பாருங்கோ. இதில சிலதை எஞ்சின் ஓடேக்க மட்டும்தான் பார்க்கலாம். இறக்கி வச்ச பிறகு ஏலாது.

முதலாவது ஒயில் பிரஷர். டாஷ்போர்ட் முள்ளை நம்பாதேங்கோ. ஒயில் சென்டரை (முள்ளுக்கு பிரஷர் அளவை அனுப்புற உணரி) கழட்டி, அந்த ஓட்டையில மெக்கானிக்கல் கேஜ் பூட்டி, எஞ்சின் நல்லாச் சூடான பிறகு வாசியுங்கோ. இந்த எஞ்சினுக்கு ஐட்லிங்கில ஆகக் குறைஞ்சது 10 பிஎஸ்ஐ, முழு வேகத்தில 30 பிஎஸ்ஐ வேணும். அதுக்குக் கீழ நிண்டால் ஃபில்டர் ஹெட்டில இருக்கிற பிரஷர் வால்வைக் கழட்டுங்கோ. உள்ளே ஒரு பிளஞ்சரும் ஸ்பிரிங்கும்தான். பிளஞ்சர் தன்ர பாரத்திலேயே வழுக்கி இறங்க வேணும். ஒரு துரும்பு மாட்டி அது பாதியில திறந்து நிண்டாலும் முள் படுத்துப்போம். பெயரிங் நல்லா இருக்கிற எஞ்சினைக்கூட இதால வீணாக இறக்க வேண்டி வரலாம்.

டிப்ஸ்டிக்கையும் மணந்து பாருங்கோ. டீசல் மணம் வந்தால், இல்லாட்டி மட்டம் ஏறியிருந்தால், லிஃப்ட் பம்ப் சீலால டீசல் சம்புக்குள்ள (அடியில இருக்கிற ஒயில் தட்டு) இறங்குது எண்டு அர்த்தம். ஒயில் தண்ணியாகி பிரஷர் விழும். ஆனா நீங்கள் ஒயில் குறையுது எண்டு சொல்றீங்கள், அதால உங்கட வாகனத்துக்கு இது பொருந்துறது குறைவு. இருந்தாலும் ஒருக்கா மணந்து பாருங்கோ.

இரண்டாவது, எந்த சிலிண்டர் எண்டு பிடிக்கிறது. ஐட்லிங்கில விட்டு, இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொண்டாக் கொஞ்சம் தளர்த்துங்கோ. தளர்த்தினதும் எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்யுது. ஒரு மாற்றமும் இல்லையெண்டால் அதுதான் கெட்டது. கண்ணாடி போட்டு, நட்டில துணி சுத்தி, கையைத் தள்ளியே வச்சுச் செய்யுங்கோ. அந்தக் குழாயில வாற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும். ஊசி குத்தின மாதிரிச் சின்னக் காயந்தான் தெரியும், ஆனா விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்பிடி நடந்தால் வலி இல்லையெண்டாலும் உடன ஆசுப்பத்திரிக்குப் போக வேணும்.

மூண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம். ஏயார் கிளீனரில இருந்து டர்போவுக்குப் போற ரப்பர் ஹோஸைக் கழட்டுங்கோ. வெள்ளைத் துணியை விரலில சுத்தி, ஹோஸின்ர உள்பக்கத்தைத் துடைச்சு வெளிச்சத்தில பாருங்கோ. ஃபில்டருக்குப் பிறகு வாற இடம் அது, அங்க தூசியே இருக்கக் கூடாது. துணியில மண்ணிறத் தடம் வந்தால் உங்கட எஞ்சின் மண்ணைத் திண்டிருக்கு. கிளிப் இருக்கிற இடத்தில ஹோஸ் வெடிச்சிருக்கும், இல்லாட்டி கிளீனர் மூடியின்ர சீல் நசிஞ்சிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புது பிஸ்டன் ரிங் போட்டால், மெட்டல் அள்ளுற வாகனத்தில புது ரிங்கும் அதே வழியிலதான் போகும்.

நாலாவது, கிளச் ஹவுசிங்கில சொட்டுற ஒயில். விரலில தொட்டு மணந்து பாருங்கோ. கியர் ஒயிலுக்குக் கந்தக மணம் இருக்கும், அப்பிடி எண்டால் கியர்பொக்ஸ் முன் சீல். கறுப்பா, மணமில்லாமல் இருந்தால் கிராங்க் தண்டின்ர பின்பக்க சீல்.

ஒயில் ஃபில்டரையும் கழட்டி, தகரத்தை வெட்டி, கடதாசி மடிப்பை விரிச்சுப் பாருங்கோ. சாம்பல் நிற மினுக்கம் பெயரிங் மேல்பூச்சு. செப்பு நிறம் தெரிஞ்சால் பூச்சுத் தேஞ்சு அடிப்பகுதி வந்திட்டுது. காந்தத்தில ஒட்டினால் இரும்பு, ரிங் இல்லாட்டி கியர்.

செயின் புளொக்

தூக்குற விசயத்தை நான் சொல்றேன். டீசல் அண்ணை சொன்னதைப் பார்த்து முடிச்ச பிறகு இதுக்கு வாங்க.

மரத் தீராந்தியை மறந்திடுங்க. கூரையின்ட பாரத்தைத் தாங்கத்தான் அதைப் போட்டிருக்கு. ஓடு, மழைத்தண்ணி எல்லாத்தையும் சுமந்துகொண்டு நிக்கிற மரத்துல நடுவில 500, 600 கிலோவைத் தொங்கவிட்டா, உள்ளுக்குக் கறையான் அரிச்சது முறிஞ்ச பிறகுதான் தெரியும். இவ்வளவு காலமும் கியர்பொக்ஸைத் தாங்கியிருக்குதேன்னு எஞ்சினையும் தாங்கும்னு எடுத்துக்க முடியாது.

முக்காலி நேர மேல தூக்க மட்டும்தான் சரி. கபின் சாயாத வகையில எஞ்சின் முன்னுக்கு வரணும். தொங்கின பாரத்தை முக்காலியில வச்சுப் பக்கவாட்டில இழுத்தா ஒரு கால் கிளம்பும், அதோட எல்லாம் சரியும். அதால ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்டு, சில்லுப் பூட்டின ஐ-பீம் கேன்ட்ரி (ரெண்டு பக்கக் கால்ல நிக்கிற இரும்புத் தூக்குச் சட்டம்), கீழ கொங்கிறீட். மற்றது பூம் ட்ரக் வாடகைக்கு எடுக்கிறது. பூம் ட்ரக்னா அதோட காலை மண் தரையில நேரா ஊண்ட விடாதீங்க. ரயில் சிலிப்பர் கட்டையோ இரும்புத் தகடோ அடியில வைக்கணும். பின்னேரம் மழை பெய்ற மாதமா இருந்தா காலையிலேயே வேலையை முடிங்க, ஊறின மண்ணுல கால் மெதுவா இறங்கும், தூக்கி நிக்கிற நேரத்துலதான் இறங்கும். யார்டுக்கு மேல கரண்ட் வயர் போகுதான்னு அண்ணாந்து பாருங்க. கிராண்ட்பாஸ் பக்க ஒழுங்கைகள்ல வயர் தாழ்வா போற இடம் நிறைய. பூம் கிட்ட வரும்னா அந்த இடத்துல தூக்கவே வேணாம், லொறியை வேற இடத்துக்கு இழுத்துக் கொண்டு போங்க.

பாரக் கணக்கு: எஞ்சின் மட்டும் 400 கிலோவுக்கு மேல. பிளைவீல், கிளச், ஸ்டார்ட்டர், கொம்பிரசர், மிச்ச ஒயில் எல்லாம் சேர்த்து 600ன்னு வச்சுத் திட்டம் போடுங்க. உங்க 2 தொன் புளொக் போதும், ஆனா கொழுக்கியோட நாக்குப் பூட்டு வேலை செய்யுதான்னும் கொழுக்கி வாய் விரிஞ்சிருக்கான்னும் பாருங்க. விரிஞ்ச கொழுக்கியைத் தட்டி நேராக்கிப் பாவிக்கவே கூடாது.

சிலிங் எவ்வளவுக்குப் படுக்குதோ அவ்வளவுக்கு அதுல பாரம் ஏறும். ரெண்டு கால் சிலிங்ல 600 கிலோ தூக்கும்போது, கால் தரைக்கு 60 பாகையில நிண்டா ஒவ்வொண்டுலயும் கிட்டத்தட்ட 350 கிலோ. 45 பாகையில 425. 30 பாகையில ஒவ்வொரு காலுமே முழு 600 கிலோவைத் தாங்கணும். கபினுக்குள்ள உயரம் பத்தாதுன்னு சிலிங்கைக் கட்டையா போடுறவங்க இதை யோசிக்கிறதில்ல. உயரம் இல்லைன்னா குறுக்குச் சட்டம் போட்டு, ரெண்டு பக்கத்துலயும் நேர கீழ இறங்குற மாதிரிக் கட்டுங்க. ஹெட்ல முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற தூக்கு வளையத்துல டி-ஷக்கிள் போட்டுத்தான் கட்டணும். இன்டேக் மனிஃபோல்ட்லயோ டர்போவுலயோ கயிறு சுத்தாதீங்க. வளையம் இல்லாம ஐ-போல்ட் பூட்டுறதுன்னா, தோள் உள்ள வகையை அடிவரைக்கும் முறுக்கணும், பக்கவாட்டு இழுவை வரக் கூடாது.

இனிக் கழட்டுற ஒழுங்கு. டிப்பர் பெட்டியைத் தூக்கி வச்சு அடியில வேலை செய்யப் போறீங்கன்னா முட்டு இரும்பு போடாம ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. ஹைட்ரோலிக்கை நம்பவே வேணாம், ஏன்னா பிடிஓ (பெட்டியைத் தூக்குற பம்புக்கு கியர்பொக்ஸ்லேந்து சக்தி எடுக்கிற இணைப்பு) குழாயையும் நீங்கதான் கழட்டப் போறீங்க. பின் சில்லு ரெண்டு பக்கமும் கட்டை. ஏயார் டேங்கை வடிச்ச பிறகு பிரேக்குல ஒரு நம்பிக்கையும் வைக்க ஏலாது. பெட்டரி ரெண்டுக்கும் நெகட்டிவை முதல்ல எடுங்க.

தண்ணி, ஒயில் வடிச்சு, பம்பர், முன் கிரில், றேடியேட்டர் எடுத்ததும் முன்பக்கம் திறந்திடும். அதுக்குப் பிறகு வாற சின்னச் சாமான்லதான் கவனம் வேணும்: ஸ்டார்ட்டர் வயர், எர்த் பட்டி, டெம்பரேச்சர், ஒயில் சென்டர் வயர், அக்ஸிலேட்டர், ஸ்டொப் கேபிள், டீசல் வாற குழாய், திரும்புற குழாய், கொம்பிரசர் குழாய், பவர் ஸ்டீயரிங் குழாய், எக்ஸோஸ்ட் பிரேக் கம்பி. ஒவ்வொண்டையும் கழட்ட முன்ன ஃபோன்ல படம் எடுத்து, ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி ஒரே இலக்கம் எழுதுங்க. டீசல் குழாய் வாயை மூடிதான் போட்டு அடைக்கணும், மூடி இல்லைன்னா பொலித்தீனும் ரப்பர் பாண்டும். துணி அடைக்காதீங்க. துணி நூல் விடும், அதைவிட மோசம், உள்ளுக்கு ஒண்டு இருக்குதுன்னே மறந்திடும்.

2 அங்குலம் தூக்கினதும் நிறுத்துங்க. சுத்தி ஒரு நடை நடந்து, எது இன்னும் இழுபடுதுன்னு பாருங்க. எர்த் பட்டியும் எக்ஸோஸ்ட் பிராக்கெட்டும்தான் அதிகமா மறந்து போறது. எஞ்சின் ஒரு இடத்துல வர மறுத்தா செயினை இன்னும் இழுக்காதீங்க. ஏதோ மாட்டியிருக்கு, அதைத் தேடுங்க. ஆட்டத்தைப் பிடிக்கக் கயிறு கட்டி ஒருத்தர் தூர நின்று பிடிக்கணும், கை வச்சுத் தள்ளக் கூடாது. வைக்கிற இடத்துல கட்டை அடுக்கு முன்கூட்டியே தயாரா இருக்கணும். சம்ப் தகரம், அதுல உக்கார வைக்காதீங்க. பாரம் பிளொக் பக்க மவுண்டுலயும் பிளைவீல் ஹவுசிங்லயும்தான் இறங்கணும்.

டிப்போ பக்கம்

கியர்பொக்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முன்பக்கம் முழுவதும் திறந்துவிட்டால் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம் என்பது என் கருத்து. தரையில் வைத்துப் பிரிப்பதும் பூட்டுவதும் சுலபம், லொறிக்கு அடியில் படுத்து 100 கிலோவுக்கு மேற்பட்ட கியர்பொக்ஸோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பஸ்களில் இப்படித்தான் செய்வது.

செயின் புளொக்

பஸ்ல சரி. இந்த டிப்பர்ல சேர்த்து எடுத்தா நீளம் கூடும், பாரம் பின்னுக்குப் போகும், கபின் தரைக்கு அடியால வால் வர்றதுக்கு முன்பக்கத்தை நல்லா உயர்த்திச் சாய்க்க வேணும். பிடிஓவும் பக்கத்துல துருத்திக்கொண்டு நிக்குது. தனியா இறக்குறதுதான் நல்லம்.

ஆனா ஒரு விசயம் கட்டாயம். பின் மவுண்ட் பிளைவீல் ஹவுசிங்ல இருக்கா, கியர்பொக்ஸ்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. கியர்பொக்ஸ்ல இருந்தா, அதைக் கழட்டின நிமிஷமே எஞ்சினோட பின்பக்கம் விழும், முன்கூட்டியே ஹவுசிங்குக்கு அடியில முட்டுக் கொடுக்கணும்.

கியர்பொக்ஸை ட்ரான்ஸ்மிஷன் ஜக்குல சங்கிலி போட்டுக் கட்டி, போல்ட் எல்லாம் எடுத்த பிறகு நேர பின்னுக்கு இழுங்க. முன் ஷாஃப்ட் கிளச் தட்டை விட்டு முழுசா வெளிய வரும்வரைக்கும் ஜக்கோட உயரத்தை மாத்தாதீங்க. பாரம் அந்த ஷாஃப்ட்ல தொங்கினா கிளச் தட்டோட நடுப்பகுதி வளையும், பிளைவீல் நடுவுல இருக்கிற சின்ன பெயரிங் உடையும். அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. திரும்பப் பூட்டி ஓட்டும்போது கிளச் விடாது, கியர் கத்தும், பிறகு எல்லாரும் கியர்பொக்ஸைக் குறை சொல்லுவாங்க.

கிராண்ட்பாஸ் டிப்பர்

நன்றி. துணியால துடைச்சுப் பார்த்தேன், மண்ணிறமாத்தான் வந்துது. டர்போ பக்கக் கிளிப்புக்கு அடியில ஹோஸ் வெடிச்சிருக்கு, மேலேந்து பார்த்தா தெரியல. கேஜ்ல சூட்டோட ஐட்லிங்ல 7 பிஎஸ்ஐ. வால்வு பிளஞ்சர் நல்லாத்தான் வழுக்குது. ஃபில்டர் மடிப்புல செப்பு நிறம் கொஞ்சம் இருக்கு. சொட்டுற ஒயில் கறுப்பு, கந்தக மணம் இல்ல. அப்ப இறக்கிறதுதான். லேத்துக்குப் போறதுக்கு முன்ன நான் என்ன பார்க்கணும்?

லேத் மேசை

பிரிக்கும்போதே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கழுவிய பிறகு சாட்சி போய்விடும்.

பெயரிங் ஓடுகளைக் கழற்றியதும் எந்த இடத்து ஓடு, மேலா கீழா என்று பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதி வரிசையாக வையுங்கள். மெல்லிய கோடுகளாக உராய்ந்திருந்தால் தூசி. ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்திருக்கலாம். எல்லா மெயினிலும் (கிராங்கைப் பிளொக்கில் தாங்கும் பெயரிங்குகள்) நடு ஓடு அதிகமாகத் தேய்ந்திருந்தால் கிராங்க் வளைவு அல்லது பிளொக்கின் மெயின் வரிசை நேரில்லாமை. பின்பக்கத்தில் பளபளப்புத் தடம் தெரிந்தால் ஓடு அதன் இருக்கையில் ஆடியிருக்கிறது. அப்படியானால் புது ஓடு போடுவது மட்டும் தீர்வாகாது, கேப்பை முறுக்கி இருக்கை விட்டத்தை அளக்க வேண்டும். மெயின் கேப்பும் ரொட் கேப்பும் அதே இடத்துக்கு, அதே திசையில்தான் திரும்பப் போக வேண்டும். இலக்கம் தெரியவில்லை என்றால் புள்ளி குத்தி அடையாளம் வையுங்கள்.

இந்த எஞ்சினுக்குத் தனி லைனர் (மாற்றக்கூடிய சிலிண்டர் உறை) கிடையாது, பிளொக்கிலேயே போர் (பிஸ்டன் ஓடும் துளை). மற்ற லொறி எஞ்சின்களில் வேலை பார்த்தவர்கள் லைனர் கிட் வாங்கி வந்துவிட்டு விழிக்கிறார்கள். போரின் நியம அளவு 102.000 முதல் 102.040 மி.மீ. வரை. 102.116ஐத் தாண்டினால் பெரிதாக்க வேண்டும். வட்டம் கெட்டது 0.038, மேலும் கீழும் வித்தியாசம் 0.076 மி.மீ. வரைதான் பொறுக்கலாம். மேல் ரிங் திரும்பும் இடத்தில், அதாவது மேல் விளிம்பிலிருந்து சற்றுக் கீழே, குறுக்காகவும் நெடுக்காகவும் அளவிடுங்கள். தூசி தின்ற எஞ்சினில் அங்கேதான் படி விழுந்திருக்கும், நகத்தால் வருடினாலே தடக்கும். பெரிதாக்க 0.50, பிறகு 1.00 மி.மீ. பிஸ்டன் உண்டு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பிஸ்டன் செட்டை முதலில் வாங்கி, அதையே லேத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பிஸ்டனை அளந்து போர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் இலக்கத்துக்குப் போர் அடித்துவிட்டு பிறகு பிஸ்டன் தேடினால் இடைவெளி சரியாக அமைவதில்லை.

கிராங்க்: மெயின் நியமம் 83 மி.மீ., ஆகக் குறைந்தது 82.962. ரொட் நியமம் 69 மி.மீ., ஆகக் குறைந்தது 68.962. கிரைண்ட் செய்யும் முன் காந்தத் தூள் போட்டு வெடிப்புப் பாருங்கள். கிரைண்ட் செய்பவரிடம் ஜேர்னல் (கிராங்கில் பெயரிங் உட்காரும் இடம்) ஓரத்து வளைவை விடச் சொல்ல மறக்கக் கூடாது. அந்த மூலை கூராக வெட்டுப்பட்டால் கிராங்க் அங்கேயிருந்துதான் முறியும், பாரம் ஏற்றிய டிப்பர் ஏற்றத்தில் போகும்போது முறியும். ஓட்டின் முதுகில் அடித்திருக்கும் அளவு, கிரைண்ட் செய்த அளவோடு ஒத்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஓடாகப் பாருங்கள். ஒரே பெட்டிக்குள் கலந்து வருவதுண்டு.

மெயின் இடைவெளி அதிகபட்சம் 0.119 மி.மீ. பிளாஸ்டிகேஜ் பட்டி (நசிந்து இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக்) வைத்து முறுக்கிப் பார்த்தால் போதும். கிராங்க் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.43 வரை.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒயில் கூலர். பெயரிங் செப்புக் காட்டிய எஞ்சினில் கூலர் தட்டுகளுக்கு இடையில் உலோகத் தூள் படிந்திருக்கும். டீசல் ஊற்றி ஆட்டிக் காற்றடித்தால் போகாது, தட்டுகளின் மூலையில் பிடித்துக்கொண்டு நிற்கும். புது எஞ்சினின் முதல் சூட்டில் ஒயில் இளகி ஓடத் தொடங்கியதும் அது கிளம்பும். கூலரை மாற்றிவிடுங்கள். எஞ்சின் வேலைக்குச் செலவழித்துவிட்டுக் கூலரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டர்போவின் ஒயில் குழாயையும், பிளொக்கின் ஒயில் துவாரங்களின் அடைப்புகளைக் கழற்றி உள்ளேயும், தூரிகை விட்டுக் கழுவுங்கள்.

போர் அடித்து வந்த பிளொக்கைப் பெற்றோலாலோ டீசலாலோ கழுவிவிட்டு விடாதீர்கள். அது ஒயிலைத்தான் எடுக்கும், ஹோன் கல்லின் துகள் கீறல்களுக்குள்ளேயே இருக்கும். சூடான தண்ணீர், சவர்க்காரத் தூள், கெட்டித் தூரிகை. பிறகு வெள்ளைத் துணியில் ஒயில் நனைத்துப் போரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் திரும்பக் கழுவ வேண்டும், வெள்ளையாகவே வரும்வரை. உடனே காற்றடித்து ஒயில் பூசுங்கள். கொழும்புக் காற்றில் வெறும் போர் ஓர் இரவிலேயே துருப் பிடித்துவிடும்.

முன்பக்க கியர் ஹவுசிங்கைத் திறந்திருக்கும்போதே இன்னொன்று. இந்த 12 வால்வு எஞ்சினில் ஹவுசிங்கைப் பொருத்துவதற்காக ஒரு சிறிய இரும்பு முளை இருக்கிறது. காலப்போக்கில் அது தளர்ந்து முன்னுக்கு நழுவி டைமிங் கியருக்குள் விழலாம். விழுந்தால் கியர் பல்லும் ஹவுசிங்கும் சேர்ந்து போகும். கேம் கியரை எடுத்தால் தெரியும். உள்ளே தட்டிவிட்டு, பக்கத்து போல்ட்டின் கீழே அதன் வாயை மறைக்கும் சிறு தகடு ஒன்றைப் பிடித்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் எஞ்சின் பிரிந்திருக்கும்போது மட்டுமே பத்து நிமிடம்.

கிராண்ட்பாஸ் டிப்பர்

கூலர் விசயம் எனக்குத் தெரியவே தெரியாது, மாத்துறேன். பூட்டுற நேரத்துல முறுக்கு அளவும், முதல் ஸ்டார்ட்டும் யாராவது சொல்லுங்க.

டீசல் அண்ணை

முறுக்கு அளவு, நியூட்டன் மீற்றரில: மெயின் கேப் 60, பிறகு 119, பிறகு 176. ரொட் கேப் 35, 70, 100. பிளைவீல் 137. புரி சுத்தமா, லேசா ஒயில் பூசி இருக்க வேணும். ஹெட் நடுவில இருந்து வெளியால சுத்திச் சுத்தி: எல்லாம் 90, திரும்ப எல்லாத்தையும் 90க்குப் பார்த்து, நீள போல்ட் மட்டும் 120, கடைசியா எல்லாத்தையும் 90 பாகை திருப்புறது. பழைய எஞ்சினுகளுக்கு ஹெட் முறை வேற, அதால உங்கட எஞ்சின் இலக்கத்துக்குரிய கைநூலைத் திறந்து வச்சுக்கொண்டு முறுக்குங்கோ. ஒவ்வொரு கேப் முறுக்கினதும் கிராங்கைக் கையால சுத்திப் பாருங்கோ. எந்தக் கேப்போட இறுகுதோ அதுதான் பிழை. எல்லாம் முறுக்கி முடிச்சுப்போட்டு இறுகுது எண்டால் தேடுறது கஷ்டம்.

மெயின் ஓடுகளில காடியும் துவாரமும் உள்ளது பிளொக் பக்கம். மாறிப் போட்டால் ஒயில் வழி அடைபட்டு முதல் நிமிசத்திலேயே போம்.

பின் சீலில கனபேர் பிழை விடுறது. மற்ற சீலுக்கு ஒயில் பூசிற பழக்கத்தில இதுக்கும் பூசுவினம். இந்தச் சீல் உலர்ந்தபடிதான் ஏற வேணும். கிராங்க் நுனியைத் துடைச்சு உலர்த்தி, சீலோட வாற பிளாஸ்டிக் வளையத்தை வச்சுத் தள்ளுங்கோ. சீல் உதட்டை விரலால தொடக்கூடாது. கிராங்கில பழைய சீல் கோடு விழுத்தியிருந்தால் அதுக்கு மேல ஏத்துற மெல்லிய உறை கிடைக்கும், அதையும் போடுங்கோ. உங்கட சொட்டுக்கு அதுதான் மருந்து.

இன்ஜெக்டர் பூட்டேக்க ஓட்டைக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. பழைய செப்பு வாஷர் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிக்கும், கறுத்துப்போய் ஹெட்டின்ர நிறத்திலேயே இருக்கும். அதைக் கவனியாமல் புது வாஷர் போட்டால் ரெண்டு வாஷர் ஆயிடும், நுனி உள்ளுக்கிழுபட்டுத் தெளிப்புக் கெடும், புகை வரும். ஓட்டைக்கு ஒரு வாஷர், 60 நியூட்டன் மீற்றர்.

டப்பட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த எஞ்சினில இன்டேக் 0.25, எக்ஸோஸ்ட் 0.50 மி.மீ.

எஞ்சின் லொறிக்குள்ள இறங்கின பிறகு மவுண்ட் போல்ட்டுகளை விரலால மட்டும் பூட்டுங்கோ. முழுப் பாரமும் ரப்பரில இறங்கி, தானா அமர்ந்த பிறகுதான் முறுக்கிறது. கியர்பொக்ஸுக்கு ரெண்டு நீள போல்ட்டின்ர தலையை அறுத்து, ஹவுசிங்கில ரெண்டு பக்கமும் வழிகாட்டியாப் பூட்டுங்கோ. அதிலே வழுக்கி வரும். கடைசி ஒரு சென்றிமீற்றர் கிட்ட வராமல் நிண்டால் போல்ட்டால இழுக்காதேங்கோ. கிளச் தட்டு நடுவில இல்லை, இல்லாட்டி ஷாஃப்ட் பல்லு ஒத்து வரேல்ல. புரொபலர் பக்கத்தைக் கையால கொஞ்சம் சுத்தினால் உள்ள போம். போல்ட்டால இழுத்தவையின்ர கியர்பொக்ஸ் காது முறிஞ்சிருக்கு. பிளைவீல் நடுவில இருக்கிற சின்ன பெயரிங்கைப் புதுசாப் போட்டு, சொட்டுக் கிறீஸ் வையுங்கோ, அவ்வளவுதான்.

எர்த் பட்டியைப் பூட்டாமல் ஸ்டார்ட்டர் அடிச்சால் கரண்ட் அக்ஸிலேட்டர் கேபிளால திரும்பும், கேபிள் சூடாகி உருகி ஒட்டிப்போம். அதால அதைத்தான் முதலில பூட்டுங்கோ.

முதல் ஸ்டார்ட். ஒயில் ஃபில்டரை நிரப்பிப் பூட்டுங்கோ. டர்போவின்ர மேல் குழாயில ஒரு சின்னக் கோப்பை ஒயில் ஊத்தி, டர்போ சில்லைக் கையால சுத்துங்கோ. சம்புக்கு 15 லீற்றர் அளவில போகும், முடிவு டிப்ஸ்டிக்தான். றேடியேட்டரை மெதுவா நிரப்புங்கோ, வேகமா ஊத்தினால் ஹெட்டுக்குள்ள காத்து அடைபடும். கிணத்துத் தண்ணி வேண்டாம், கூலன்ட் கலந்த சுத்தத் தண்ணி. டீசலைக் கைப்பம்பால காத்து எடுத்து முடியுங்கோ.

பிறகு ஸ்டொப் கேபிளை இழுத்துப் பிடிச்சபடி ஸ்டார்ட்டர் அடியுங்கோ. ஒரு தடவைக்கு 30 செக்கனுக்கு மேல வேண்டாம், நடுவில 2 நிமிசம் விடுங்கோ. கேஜ் முள் அசையும்வரைக்கும் டீசல் விடக்கூடாது. அசைஞ்ச பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கோ. 15 செக்கனுக்குள்ள பிரஷர் வராட்டி உடன நிப்பாட்டுங்கோ. அந்த நேரம் ஒருத்தர் ஏயார் குழாய் வாயடியில தட்டையான பலகையோட நிக்க வேணும். டீசல் பம்பின்ர ரக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கம்பி) மாட்டி எஞ்சின் கட்டுமீறி ஓடினால் சாவி திருப்பி நிக்காது, காத்தை அடைச்சால்தான் நிக்கும். கையால அடைக்கக் கூடாது, உள்ளுக்கிழுக்கும்.

ஓடத் தொடங்கினதும் நெடுநேரம் ஐட்லிங்கில விடாதேங்கோ. ரிங் போரோட பதியிறதுக்கு பாரம் வேணும். கசிவு பார்த்து முடிச்சதும் பாதிச் சுமையோட வீதிக்கு எடுங்கோ, கூட்டிக் குறைச்சு ஓட்டுங்கோ. 500 கிலோமீற்றரில ஒயிலும் ஃபில்டரும் மாத்தி, ஃபில்டரை மறுபடி வெட்டிப் பாருங்கோ. கொஞ்சம் மினுக்கம் வாறது வழக்கம். செப்பு வந்தால் ஓட்டாதேங்கோ.

டிப்போ பக்கம்

பிளொக்கை போர் அடித்துப் பாவிப்பதென்றால் எஞ்சின் இலக்கம் அதேதான், பிரச்சினை இல்லை. போர் தாங்காமல் வேறு பிளொக் வாங்கினால், இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்றவரிடம் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள், அதில் அந்த இலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய பிளொக்கில் இலக்கம் உள்ள இடத்தைக் கழுவித் துடைத்து இப்போதே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட்பாஸ் டிப்பர்

எடுத்திட்டேன். கேன்ட்ரி ஒண்டு தெமட்டகொடையில வாடகைக்குச் சரி வந்திருக்கு. ஹோஸும் கிளிப்பும் கூலரும் முதல்ல வாங்குறேன், அதுக்குப் பிறகுதான் பம்பரைக் கழட்டுறது. போர் அளவு வந்ததும் இங்கேயே போடுறேன், லேத் மேசை அண்ணா ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க.